மறியல் அல்ல

போன ஆடியில் என் காலுக்கு எழுபத்தைந்து சதவீதம்.
இந்த ஆடியில் முப்பத்தெட்டு.
புது டாக்டர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.
"நின்னு காட்டுங்க" என்றார்.
மேஜை விளிம்பைப் பிடித்து நின்றேன்.
அந்த ஒரு நிற்பில்
கரைந்துபோனது பாதி ஊனம்.
நாற்பதுக்குக் கீழே பென்ஷன் கிடையாது.

மேலப்பாளையம் செய்யதலி பாத்திமாவுக்கு
பீடி சுற்ற விரல் இருக்கிறது,
ஆகவே முதுகுத்தண்டும் தேவலை என்று எழுதிவிட்டார்கள்.
உச்சிமாகாளிக்கு ஒரு கண்ணில் வெளிச்சம் தெரிகிறதாம்.
"எந்தக் கண்ணுல?
சொன்னா நானும் பாத்துக்கிடுவேன்லா"
என்று கேட்டிருக்கிறான்.
அவனை வெளியே போகச் சொன்னார்கள்.
வாசல் எந்தப் பக்கம் என்று
ஒருவரும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை, மனு நாள்.
ஜங்ஷனிலிருந்து பாலம் வழியாகக் கொக்கிரகுளம்.
நாற்பத்தொரு பேர்.
முந்தின நாள் கூட்டத்தில்
கோரிக்கையைப் பற்றிப் பேசியது பத்து நிமிஷம்,
யார் யாரைப் பிடித்துக்கொள்வது என்று பேசியது
பொழுது சாயும் வரை.

என் மூன்றுசக்கர வண்டியை உச்சிமாகாளி தள்ளினான்.
வலது, இடது, குழி, நில், போ:
அவ்வளவுதான் நான்.
ஆடிக் காற்று பேனரைப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்தது.
முன்னால் பேனர் பிடித்தவர்கள்
ஞானஜோதியும் அவள் புருஷனும்.
பின்னால் பதினாறு பஸ்
ஹாரனில் அறைந்து நின்றும்
இருவர் நடையிலும் ஒரு பிசிறில்லை.
பிறவியிலேயே காது கேளாதவர்கள்.
யோசித்துத்தான் முன்னால் விட்டிருந்தோம்.

இன்ஸ்பெக்டர் ஓடிவந்தார்.
"சாலை மறியலா பண்றிய?"

சேர்மக்கனி நிமிர்ந்து பார்த்தாள்,
அவர் முழங்கால் உயரத்திலிருந்து.
கைகளில் மாட்டியிருந்த ரப்பர் செருப்பை
ஒருதரம் தட்டிவிட்டுச் சொன்னாள்:
"நாங்க எங்க சார் மறிச்சோம்?
நடந்துக்கிட்டுல்லா இருக்கோம்."

பொய்யில்லை.
பாலம் கடக்க ஒன்றேகால் மணி நேரம்.
ஆறு இத்தனை அகலம் என்று
பஸ்ஸில் இருந்தவர்களுக்கு
அன்றைக்குத்தான் தெரிந்திருக்கும்.

ஒரு ஜன்னலில் ஒருத்தி,
மடியில் காய்ச்சல் பிள்ளை,
கையில் ஆஸ்பத்திரிச் சீட்டு.
அவள் திட்டவில்லை. பார்த்தாள்.
மற்ற வசவுகளை எல்லாம்
அங்கேயே ஆற்றில் விட்டுவிட்டு வந்தேன்.
அந்தப் பார்வையை எங்கே வைப்பதென்று
இன்றும் தெரியவில்லை.

பாலம் முடிகிற இடத்தில் போலீஸ் வேன்.
"எல்லாரும் ஏறுங்க, கைது."
ஏறத்தான் நினைத்தோம்.
முதல் படியே என் நெஞ்சு உயரம்.
ஏட்டையா வேனைப் பார்த்தார்,
எங்களைப் பார்த்தார்,
தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.
யாரோ பந்தல் கடைக்கு ஆள் அனுப்பினார்கள்.
இரண்டு பலகை வந்தது, முட்டுக்கொடுக்கச் செங்கல் வந்தது.

எங்கள் தாலுகா ஆபீஸ் வாசலுக்குப்
பதினோரு வருஷமாய்க் கேட்ட சாய்தளம்,
எங்களைப் பிடித்துப்போக
இருபது நிமிஷத்தில் ஆனது.
ஏறும்போது பாத்திமா
பலகையைத் தட்டிப் பார்த்தாள்.
"உறுதியாத்தான் இருக்கு" என்றாள்.

கல்யாண மண்டபத்தில் அடைத்தார்கள்.
தக்காளி சாதம், உப்பு கூட.
மணமக்கள் உட்காரும் மேடையில்
கூச்சமில்லாமல் தூங்கினான் உச்சிமாகாளி.
கக்கூசுக்குள் என் வண்டி நுழையவில்லை;
பாத்திமாவும் ஒரு பெண் போலீசும்
ஆளுக்கொரு கையாகத் தூக்கினார்கள்.
அந்தப் பெண் பெயரைச் சொல்லவில்லை,
சட்டையில் இருந்த பெயர்ப்பட்டையைத்
திருப்பிக் குத்தியிருந்தாள்.

ஆறு மணிக்கு விட்டார்கள்.
மனுவில் ஒரு ஊதா முத்திரை: பெறப்பட்டது.
அவ்வளவுதான்.
பாத்திமாவுக்கு அன்றைக்கு எழுநூறு பீடி நட்டம்.

ஊருக்குப் போக ஜங்ஷனில்தான் பஸ்.
திரும்பவும் பாலம்.
விளக்குகள் போட்டாயிற்று,
கீழே தண்ணீர் கறுத்துக் கிடக்கிறது,
பின்னால் ஹாரன்கள் வரிசை கட்டுகின்றன.

பொறுங்கள்.
அவசரம் எங்களுக்கும் உண்டு.
அது காலுக்கு வந்துசேரத்தான்
நேரம் பிடிக்கிறது.